இன்ஜின் முதல் சக்கரம் வரை: கியர்கள் வழியே திறன் போகும் பாதை

இன்ஜின் சுழல்கிறது, சக்கரமும் சுழல வேண்டும். அப்படியானால் இரண்டையும் ஒரே தண்டால் நேராக இணைத்துவிட்டால் என்ன? நடுவில் இத்தனை பல்சக்கரங்கள் எதற்கு? வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சிறிய கணக்கு ஒன்று போட்டால் விடை கிடைத்துவிடும்.

சாதாரணக் காரின் டயர் விட்டம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அது ஒரு சுற்று உருண்டால் வண்டி 1.885 மீட்டர் நகரும். பெட்ரோல் இன்ஜின், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத நிலையிலேயே நிமிடத்துக்கு 800 சுற்று அளவில் ஓடும். அதற்கு வெகுவாகக் கீழே இறங்கினால் அணைந்துவிடும். நேரடி இணைப்பு என்றால் சக்கரமும் 800 சுற்று சுழலும். பெருக்கிப் பாருங்கள்: மணிக்கு 90 கிலோமீட்டர். அந்தக் காரின் மிகக் குறைந்த வேகமே அதுதான்!

இழுவையையும் பார்த்துவிடுவோம். இன்ஜின் தரும் முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருகும் வலு, 100 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரின் ஆரம் 0.3 மீட்டர் என்பதால், சாலையில் கிடைக்கும் தள்ளுவிசை 333 நியூட்டன். பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், 1000 கிலோ எடையுள்ள கார் பின்னால் உருளாமல் நிற்க மட்டுமே ஏறத்தாழ 980 நியூட்டன் தேவை. நேரடியாக இணைத்த கார் அந்த ஏற்றத்தில் ஓர் அடிகூட ஏறாது.

ஆக, இன்ஜினிடம் வேகம் மிதமிஞ்சி இருக்கிறது, இழுவை போதவில்லை. மிஞ்சியதைக் கொடுத்து வேண்டியதை வாங்கும் இடம்தான் கியர் பாக்ஸ். இந்தக் காரையும் இந்த எண்களையும் கையில் வைத்துக்கொண்டு, திறன் போகும் பாதையில் ஒவ்வொரு கட்டமாக நடந்து பார்க்கலாம்.

முதல் படி: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள்

கார் பானட்டைத் திறந்தால் கியர் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் உலோகக் கூட்டுக்குள் ஆயிலில் மூழ்கிக் கிடக்கும். கியர் வைத்த சைக்கிளில் அத்தனையும் வெளியே தெரியும். அதனால் பாடத்தை அங்கிருந்து தொடங்குவதே நல்லது.

சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் கம்பி ஒன்றில் வண்ண நூல் கட்டுங்கள். முன்பக்கப் பல்சக்கரத்திலும், இப்போது செயின் கிடக்கும் பின்பக்கப் பல்சக்கரத்திலும் எத்தனை பற்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முன்னால் 44, பின்னால் 22 என்றால், பெடலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது நூல் கட்டிய கம்பி இரண்டு முறை மேலே வரும். செயினைப் பின்னால் 11 பல் சக்கரத்துக்கு மாற்றினால் நான்கு முறை வரும். ஒவ்வொரு முறையும் பின்டயரை மறுகையால் லேசாகப் பிடித்துத் தடுத்துப் பாருங்கள். நான்கு சுற்று தரும் கியரில் டயரை எளிதாக நிறுத்திவிடலாம்; இரண்டு சுற்று தரும் கியரில் அது கையை மீறி இழுக்கும்.

கியர் பற்றிய அடிப்படை முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. வேகம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, இழுவை அத்தனை மடங்கு குறைகிறது. இரண்டின் பெருக்குத்தொகைதான் திறன், அது மாறுவதில்லை. கியர் திறனை உண்டாக்குவதில்லை. சொல்லப்போனால் உராய்வில் கொஞ்சம் இழக்கவும் செய்கிறது. "முதல் கியரில் வண்டிக்கு அதிகத் திறன்" என்று பலர் சொல்வது இந்த இடத்தில்தான் பிசகுகிறது. அதிகமாவது முறுக்குவிசை, அதற்கு விலையாகப் போவது வேகம்.

சைக்கிளுக்கும் காருக்கும் திசையில் ஒரு வேறுபாடு உண்டு. மனிதக் கால் நிமிடத்துக்கு 60 முதல் 90 முறை மிதிக்கும். அழுத்தம் தாராளமாகத் தரும். எனவே சைக்கிள் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டுகிறது. இன்ஜின் ஆயிரக்கணக்கில் சுழலும். ஆனால் அது தரும் முறுக்கு காரை இழுக்கப் போதாது. எனவே கார் வேகத்தைக் குறைக்கிறது. விதி ஒன்றுதான்.

இரண்டாம் படி: இரண்டு பற்கள் தொடும் இடம்

செயின் இல்லாமல் இரண்டு பல்சக்கரங்கள் நேராகக் கோத்துக்கொள்ளும்போது என்ன நடக்கிறது? 12 பல் சக்கரம் 36 பல் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று கொள்வோம். சிறியது மூன்று சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. கியர் விகிதம் 3. பற்கள் ஒன்றையொன்று தள்ளும் இடத்தில் இரண்டுக்கும் விசை ஒன்றுதான். ஆனால் பெரிய சக்கரத்தில் அந்த விசை மையத்திலிருந்து மூன்று மடங்கு தள்ளி விழுகிறது. நீளமான ஸ்பேனரால் இறுகிய நட்டைத் திருப்புவது எளிதாக இருப்பதும் இதே காரணத்தால்தான். முறுக்குவிசை மூன்று மடங்காகிவிடுகிறது. சுழலும் திசையும் எதிராக மாறிவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ரிவர்ஸ் கியருக்கு வரும்போது தேவைப்படும்.

ஒரு பல்லைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அதன் பக்கங்கள் நேர்கோடாக இருக்காது. சற்றே புடைத்த வளைவாக இருக்கும். உருளையில் சுற்றிய நூலை இறுக்கமாகப் பிடித்தபடி பிரித்தால் அதன் நுனி வரையும் கோடு இருக்கிறதே, அதே வளைவு. பல்சக்கரங்களுக்கு இந்த வடிவம் பொருந்தும் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டியவர் கணித மேதை லியோனார்ட் ஆய்லர். இந்த வளைவால் ஒரு பல் விலகி அடுத்த பல் பொறுப்பை ஏற்கும் நேரத்திலும் வேக விகிதம் துளியும் மாறுவதில்லை. பற்களின் வடிவம் தப்பாக இருந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் வேகம் ஏறி இறங்கும். வண்டி முழுக்க அதிர்வு பரவும்.

பற்களை அச்சுக்கு இணையாக நேராகவும் வெட்டலாம், சாய்வாகவும் வெட்டலாம். நேர்ப்பல் முழு அகலத்துக்கும் ஒரே கணத்தில் மோதும், சத்தம் வரும். சாய்பல் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு மெல்ல ஏறும். அமைதியாக இருக்கும், சுமையும் கூடுதலாகத் தாங்கும். அதன் சாய்வு தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். அதைத் தாங்குவதற்கேற்ற பேரிங் வேண்டும். பல கார்களில் முன்னோக்கிப் போகும் கியர்கள் எல்லாம் சாய்பல், ரிவர்ஸ் மட்டும் நேர்ப்பல். கார் பின்னால் வரும்போது எழும் அந்த ரீங்காரத்துக்குக் காரணம் இதுதான். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: கிளட்ச்

இன்ஜின் 800 சுற்றுக்குக் கீழே இறங்காது. நிற்கும் காரின் சக்கரமோ பூஜ்யம். இந்த இரண்டையும் சந்திக்க வைப்பது கிளட்ச்.

இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் இருக்கிறது. அதற்கு எதிரே பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட். கிளட்ச் பிளேட் மட்டும் கியர் பாக்ஸின் உள்வரும் தண்டோடு கோத்திருக்கும். காலை எடுத்துவிட்டால் ஸ்பிரிங் மூன்றையும் இறுக்கி ஒரே துண்டுபோலச் சுழலச் செய்யும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கை அழுத்தும், பிடி தளரும், இன்ஜின் ஒரு பக்கம், கியர் பாக்ஸ் மறுபக்கம் எனத் தனித்தனியாகும்.

வண்டியை நகர்த்தும் அந்த ஓரிரு விநாடிகளில் ஃப்ளைவீல் 1500 சுற்றில் ஓட, கிளட்ச் பிளேட் பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டிருக்கும். அந்த வித்தியாசம் முழுவதும் வழுக்கலாகி வெப்பமாக மாறும். ஓரிரு விநாடி என்றால் கிளட்ச் தாங்கிக்கொள்ளும். ஏற்றத்தில் பிரேக் போடாமல், பெடலைப் பாதி மட்டும் விட்ட ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினால், நிற்கும் நேரம் முழுவதும் அது வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். கிளட்சை மெல்ல விடுங்கள். வண்டியின் முன்பகுதி லேசாக எழும்பும்போது பிரேக்கை விடுவியுங்கள். ஓடும்போது பெடல்மேல் காலை வைத்திருக்கும் பழக்கமும் கூடாது. அந்தச் சிறிய பாரமே ரிலீஸ் பேரிங்கைத் தேய்க்கப் போதும்.

நான்காம் படி: கியர் பாக்ஸின் உள்ளே

கியர் லீவரைத் தள்ளும்போது ஒரு பல்சக்கரம் நகர்ந்து போய் இன்னொன்றோடு கோத்துக்கொள்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இன்றைய மேனுவல் கியர் பாக்ஸில் முன்னோக்கிப் போகும் கியர்களில் அப்படி எதுவும் நடப்பதில்லை. அவற்றின் எல்லா ஜோடிகளும் எப்போதும் கோத்தபடியே இருக்கின்றன. இன்ஜினோடு இணைந்திருக்கும்போது எல்லாம் ஒன்றாகச் சுழல்கின்றன.

பிறகு எப்படி ஒரு கியர் மட்டும் வேலை செய்கிறது? ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பல்சக்கரம் தன் தண்டோடு இறுகியிருக்கும். மற்றது தன் தண்டின்மேல் தளர்வாக, தண்டைப் பொருட்படுத்தாமல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். அந்தத் தளர்வான சக்கரத்தைத் தண்டோடு பூட்டினால்தான் முறுக்குவிசை அதன் வழியே பாயும். அப்படிப் பூட்டுவது ஸ்லீவ் என்ற வளையம். தண்டோடு சேர்ந்து சுழலும் அது, லீவரின் அசைவுக்கேற்ப இரு பக்கமும் வழுக்கி நகரும். நீங்கள் இரண்டாம் கியர் போடும்போது உண்மையில் நகர்வது இந்த வளையமும் அதைத் தள்ளும் கவையும் மட்டும்தான். நியூட்ரலில் எந்த வளையமும் எந்தச் சக்கரத்தையும் பூட்டியிருக்காது.

பூட்டும் நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்லீவ் ஒரு வேகத்திலும் பல்சக்கரம் வேறு வேகத்திலும் சுழன்றுகொண்டிருக்கும். அப்படியே தள்ளினால் 'கர்ர்' என்று அரைக்கும். பழைய வண்டி ஓட்டுநர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருமுறை கிளட்ச் மிதித்து, இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு வேகத்தைச் சரிப்படுத்தினார்கள். 1928இல் காடிலாக் கார்களில் வந்த சிங்க்ரோமெஷ் அந்தப் பாட்டைத் தீர்த்தது. ஸ்லீவுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் பெரும்பாலும் பித்தளையால் ஆன ஒரு கூம்பு வளையம் இருக்கும். லீவரைத் தள்ளியதும் முதலில் இந்தக் கூம்பு பல்சக்கரத்தின் கூம்பின்மேல் உரசும். உராய்வில் இரண்டின் வேகமும் சமமாகும். சமமாகாத வரை ஸ்லீவ் முன்னேற விடாமல் தடுக்கும். சமமானதும் வழி விடும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். லீவரில் ஒரு சிறு தடை தெரிந்து, அடுத்த கணம் அது தானே உள்ளே போவதுபோலத் தோன்றுகிறதே, அது இந்த வளையம் வேலை செய்யும் நேரம். அந்த நேரத்தை அதற்குக் கொடுங்கள். ஓங்கி அடித்துக் கியர் போடுபவர்கள் தேய்ப்பது இந்த வளையத்தைத்தான்.

ரிவர்ஸுக்கு வருவோம். இரண்டு பல்சக்கரங்கள் கோத்தால் திசை எதிராகும் என்று பார்த்தோம். நடுவில் மூன்றாவது சக்கரம் ஒன்றை நுழைத்தால் திசை மீண்டும் ஒருமுறை மாறும். வண்டி பின்னால் போகும். பல வண்டிகளில் இந்த நடுச் சக்கரம் உண்மையாகவே நகர்ந்துபோய்க் கோத்துக்கொள்ளும் வகை. அதற்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. எனவே வண்டி முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸ் போட வேண்டும். அப்போதும் அரைத்தால், கிளட்சை மிதித்தபடி ஒருமுறை இரண்டாம் கியருக்குத் தள்ளிவிட்டு, பிறகு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். முன்கியரின் கூம்பு வளையம் சுழன்றுகொண்டிருக்கும் தண்டைப் பிடித்து நிறுத்திவிடும். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம்

நம் காரின் கியர் விகிதங்கள் 3.5, 1.9, 1.3, 1.0, 0.8 என்று கொள்ளுங்கள். இவற்றுக்குப் பிறகு எல்லாக் கியர்களுக்கும் பொதுவான இறுதிக் குறைப்பு ஒன்று உண்டு, அது 4. முதல் கியரின் மொத்த விகிதம் 3.5 × 4 = 14. ஐந்தாவது கியரில் 0.8 × 4 = 3.2.

இன்ஜின் 3000 சுற்றில் 100 நியூட்டன் மீட்டர் தருகிறது. முதல் கியரில் சக்கரம் நிமிடத்துக்கு 214 சுற்று, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். சக்கரங்களில் முறுக்குவிசை 1400 நியூட்டன் மீட்டர், தள்ளுவிசை ஏறத்தாழ 4670 நியூட்டன். ஐந்தாவது கியரில் சக்கரம் 937 சுற்று, வேகம் 106 கிலோமீட்டர், தள்ளுவிசை 1070 நியூட்டன் அளவு. உராய்வு இழப்பைக் கழிக்காத எண்கள் இவை. இரண்டு நிலைகளிலும் திறனைக் கணக்கிட்டால் அதே 31.4 கிலோவாட்தான் வரும். முன்பு நேரடி இணைப்பில் 333 நியூட்டனோடு திணறிய அதே இன்ஜின், இப்போது முதல் கியரில் அந்த ஏற்றத்தைச் சர்வசாதாரணமாக ஏறும்.

விகிதங்களுக்கு இடையிலான இடைவெளியையும் கவனியுங்கள். 3000 சுற்றில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் இன்ஜின் வேகம் 1630 அளவுக்கு விழும். நான்கிலிருந்து ஐந்துக்கு மாற்றினால் 2400க்குத்தான் விழும். மேல் கியர்கள் நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: அதிக வேகத்தில் காற்றின் தடை பெரிதாகிவிடுவதால், இன்ஜின் நன்றாக இழுக்கும் சுழல்வேகத்தைவிட்டு வெகுவாக விலக இடம் தரக்கூடாது.

இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால் ஓர் ஆபத்து தெரியும். 106 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது தவறுதலாக முதல் கியரில் விழுந்து கிளட்சையும் விட்டுவிட்டால், சக்கரம் இன்ஜினைச் சுற்றத் தொடங்கும். 937 × 14, அதாவது 13,000 சுற்றுக்கும் மேல். பெரும்பாலான பெட்ரோல் கார் இன்ஜின்களின் எல்லை 6000 அல்லது 6500 சுற்று அளவில்தான். வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே உடைந்துபோகலாம். கியரைக் குறைக்கும்போது ஒவ்வொன்றாக, வேகம் இறங்கியதைப் பார்த்துக் குறையுங்கள்.

ஆனால் சக்கரம் இன்ஜினைச் சுற்றுவது அளவோடு இருந்தால் பெரிய நன்மை. இறக்கத்தில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடாகி வலுவிழக்காது. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிப் போவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். அந்தப் பிடிமானம் முழுவதையும் கைவிட்டு, எல்லாப் பாரத்தையும் பிரேக்கின் தலையில் கட்டும் வேலை அது. வண்டியை நிறுத்திவைக்கும்போது ஹேண்ட் பிரேக்கோடு முதல் கியரையும் போடச் சொல்வது ஏன் என்பதும் இப்போது புரிந்திருக்கும். சக்கரம் ஒரு சுற்று உருள வேண்டுமானால் அணைந்த இன்ஜினைப் பதினான்கு சுற்று சுற்ற வேண்டும். ஐந்தாவதில் போட்டால் மூன்று சுற்றுதான், பிடிப்பு குறைவு.

உங்கள் வண்டிக்கே இந்தக் கணக்கைப் போடலாம். கையேட்டில் கியர் விகிதங்களும் இறுதிக் குறைப்பும் இருக்கும். டயரில் 185/65 ஆர்15 என்று எழுதியிருந்தால், 15 அங்குல ரிம் 381 மில்லிமீட்டர். டயரின் உயரம் 185இல் 65 விழுக்காடு, மேலும் கீழும் சேர்த்து 240 மில்லிமீட்டர். விட்டம் 621, சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். இன்ஜின் சுழல்வேகத்தைச் சுற்றளவாலும் 60ஆலும் பெருக்கி, 1000ஆலும் கியர் விகிதத்தாலும் இறுதிக் குறைப்பாலும் வகுத்தால் மணிக்குக் கிலோமீட்டரில் வேகம் வரும். விடையை, இன்ஜின் சுழல்வேகம் காட்டும் டாக்கோமீட்டரோடும் ஸ்பீடோமீட்டரோடும் ஒப்பிடும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் விடுங்கள். டயர் பாரத்தால் கொஞ்சம் நசுங்கும். ஸ்பீடோமீட்டரும் சற்றுக் கூட்டியே காட்டும். சிறு வித்தியாசம் இருந்தால் கணக்கு பிழை என்று நினைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கியர் பாக்ஸிலிருந்து அச்சு வரை

முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் கியர் பாக்ஸும் இறுதிக் குறைப்பும், இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டில் இருக்கும். அங்கிருந்து இரண்டு பக்கமும் குட்டையான தண்டுகள் சக்கரத்துக்குப் போகும். பின்சக்கரங்கள் தள்ளும் வண்டிகளில் நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் வண்டியின் அடியில் பின்னோக்கிப் போய், முனையிலுள்ள சிறிய பினியன் வழியாகக் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். சுழற்சி 90 பாகை திரும்புவதும் அங்கேதான். பினியன் கிரவுன் வீலின் மையத்துக்குச் சற்றுக் கீழே அமரும் ஹைப்பாய்ட் வகையை 1926இல் பேக்கார்ட் கார்கள் கொண்டுவந்தன. தண்டு தாழ்ந்ததால் காரின் தளமும் தாழ்ந்தது. ஆனால் அதன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி வழுக்கும். சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே கிழிந்துவிடும். அதற்கென்றே தனி ஆயில் வேண்டியிருக்கிறது.

இறுதிக் குறைப்பின் பற்களை எண்ணிப் பார்த்தால் 41க்கு 9 என்பதுபோல வினோதமான எண்கள் இருக்கும். 40க்கு 10 என்று முழுமையாக வைத்தால் என்ன? அப்படி வைத்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலில் எப்போதும் அதே நான்கு பற்களை மட்டுமே சந்திக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தால் அது அதே நான்கையே திரும்பத் திரும்பக் குத்தும். 41க்கும் 9க்கும் பொதுக் காரணி இல்லாததால், ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள 41 பற்களையும் முறை வைத்துச் சந்திக்கும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பரவும். வாகன வடிவமைப்பில் எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் இது. செலவே இல்லாமல், எண்ணைத் தேர்ந்தெடுத்த விதத்தால் மட்டும் கிடைக்கும் ஆயுள்.

ஆறாம் படி: டிஃபரென்ஷியல்

வளைவில் திரும்பும்போது உள்சக்கரம் குறைந்த தூரம் போகும், வெளிச்சக்கரம் அதிக தூரம் போகும். உள்சக்கரம் 5 மீட்டர் ஆரத்திலும் வெளிச்சக்கரம் 6.5 மீட்டர் ஆரத்திலும் கால் வட்டம் அடித்தால், ஒன்று 7.85 மீட்டரும் மற்றது 10.2 மீட்டரும் ஓடும். இரண்டும் ஒரே தண்டில் இறுகியிருந்தால் ஏதாவது ஒரு டயர் சாலையில் தேய்ந்து இழுபட்டே தீரும்.

1820களின் பிற்பகுதியில் பிரான்ஸைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக வடிவமைத்த ஏற்பாடு, சாராம்சத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது. கிரவுன் வீலோடு ஒரு கூடு சுழலும். கூட்டுக்குள் குறுக்கே ஓர் ஊசித்தண்டு. அதில் இரண்டு சிறிய கூம்புப் பல்சக்கரங்கள். அவற்றின் இருபுறமும் இரண்டு பக்கச் சக்கரங்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து அச்சோடு இணைந்திருக்கும். நேராகப் போகும்போது சிறிய சக்கரங்கள் தம் தண்டின்மேல் சுழலாமல் கூட்டோடு சேர்ந்து உருண்டு, இரு அச்சையும் சமமாகத் தள்ளும். ஒரு பக்கம் தடைபட்டால் அவை தம் தண்டின்மேல் சுழலத் தொடங்கி, அந்தப் பக்கம் குறைந்த சுற்றை மறுபக்கத்துக்குக் கொடுத்துவிடும். கூடு 200 சுற்றில் ஓட, உள்சக்கரம் 180 என்றால் வெளிச்சக்கரம் 220. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் கூட்டின் இருமடங்கு.

இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. பின்சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் உள்ள, முன்சக்கரங்கள் இழுக்கும் கார் ஒன்று வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, சாவியை எடுத்துவிட்டு, முன்பகுதியை உறுதியான தாங்கிகளில் ஏற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியும் போகக் கூடாது. கியரைப் போட்டுவைத்து, ஒரு முன்சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் பின்னோக்கிச் சுழலும். கூடு அசையாமல் நிற்கிறது, அதாவது பூஜ்யம்; இரண்டின் கூட்டுத்தொகையும் பூஜ்யமாக வேண்டும். சூத்திரம் கண்முன் சுழல்வதைப் பார்த்த பிறகு அது மறக்கவே மறக்காது.

டிஃபரென்ஷியலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. அது வேகத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. முறுக்குவிசையை மட்டும் இரு பக்கமும் சமமாகவே தருகிறது. ஒரு சக்கரம் சேற்றில் சிக்கினால் அதைச் சுற்ற மிகச் சிறிய முறுக்கு போதும். மறுபக்கத்துக்கும் அதே சிறிய முறுக்குதான் கிடைக்கும். சேற்றுச் சக்கரம் கன்னாபின்னாவென்று சுழல, தரையில் உறுதியாக நிற்கும் சக்கரம் அசையாமல் இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். சில வண்டிகளில் இரு அச்சையும் பூட்டும் வசதி உண்டு. இன்னும் பலவற்றில் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் மின்னணு முறையில் பிரேக் பிடித்து, அதன்மூலம் மறுபக்கத்துக்கு முறுக்கு போகச் செய்வார்கள்.

ஏழாம் படி: டயரும் சாலையும்

தண்டின் முனையிலுள்ள இணைப்பைத் தாண்டி முறுக்கு டயரை அடைகிறது. டயர் சாலையைப் பின்னால் தள்ள, சாலை வண்டியை முன்னால் தள்ளுகிறது. பிடிமானத்துக்கு எல்லை உண்டு. முன்சக்கரங்களின்மேல் 600 கிலோ பாரம் என்றால், உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்று கொண்டால் 4700 நியூட்டன் வரை தாங்கும். நம் முதல் கியர் தரும் 4670 அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. சாலை வழுக்கினால் எல்லை பாதியாகவோ இன்னும் கீழாகவோ இறங்கிவிடும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால்தான் சேறும் பனியும் உள்ள இடத்தில் இரண்டாம் கியரில், மெல்லிய ஆக்ஸிலரேட்டரோடு கிளம்பச் சொல்கிறார்கள்.

மற்ற வகை வண்டிகள்

மோட்டார் சைக்கிளில் இதே பாதைதான். பெரும்பாலும் ஆயிலில் நனைந்த பல தட்டு கிளட்ச், இறுதியில் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளும். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால் இறுதிக் குறைப்பு 3. பின்சக்கரம் ஒன்றே என்பதால் டிஃபரென்ஷியல் தேவையில்லை.

வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். ஆயிலைச் சுழற்றி ஒரு விசிறி மறுவிசிறியைத் தள்ளும் அமைப்பு அது. வண்டி கிளம்பும் நேரத்தில் முறுக்கை இருமடங்கு அளவுக்குக்கூட உயர்த்தித் தரும். பின்னால் கோள் கியர்கள்: நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி ஓடும் சிறு சக்கரங்கள், வெளியே உட்புறம் பல் வைத்த வளையம். எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுற்றுகிறோம் என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் வகையில் விகிதத்தை மாற்றும் இடத்தில் பற்களே இல்லை. அகலம் மாறும் இரண்டு கப்பிகளுக்கு நடுவே உலோகப் பட்டை ஓடி, விகிதத்தைப் படிகள் இல்லாமல் மாற்றிக்கொண்டே போகும்.

மின்சாரக் கார் மோட்டார் பூஜ்ய வேகத்திலேயே முழு முறுக்கையும் தரும். பல ஆயிரம் சுற்றுக்கு மேலும் ஓடும். எனவே பெரும்பாலானவற்றில் ஒரே விகிதம் போதுமானதாக இருக்கிறது. 9 அளவிலான குறைப்பு அவற்றில் பரவலானது. கிளட்சும் இல்லை, மாற்றுவதற்குக் கியரும் இல்லை. ஆனால் பல்சக்கரமும் டிஃபரென்ஷியலும் அங்கேயும் உண்டு.

எட்டாம் படி: காதால் சோதியுங்கள்

பாதை தெரிந்துவிட்டால் கோளாறு எங்கே என்று ஊகிப்பதும் எளிதாகிறது. இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறது, விட்டால் நிற்கிறது என்றால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகியுங்கள். நியூட்ரலில், கிளட்சை மிதிக்காதபோது இரைச்சல் கேட்டு, மிதித்தால் அடங்கினால் கியர் பாக்ஸின் உள்வரும் தண்டு பேரிங். ஒரு குறிப்பிட்ட கியருக்கு மாறும்போது மட்டும் அரைத்தால் அந்தக் கியரின் கூம்பு வளையம் தேய்ந்திருக்கலாம். ஓடும்போது அந்தக் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் ஸ்லீவின் பற்கள், கவை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்சக்கர இழுவைக் காரில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல ஓட்டும்போது 'டக் டக் டக்' என்று சீரான சத்தம் வந்தால், சக்கரத்துக்கு அருகிலுள்ள இணைப்பு தேய்ந்துவிட்டது. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போயிருக்கும். உறையில் கிழிசல் தெரிந்த உடனேயே மாற்றிவிட்டால் இணைப்பு பிழைத்துக்கொள்ளும். சத்தம் வந்த பிறகு உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கியர் ஆயிலில் கையேடு சொல்லும் வகையைத்தான் ஊற்ற வேண்டும். ஹைப்பாய்ட் பற்களுக்கான ஜிஎல்-5 என்ற தர ஆயிலில் உள்ள சேர்மானங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸில் அதை ஊற்றினால் கூம்பு வளையங்களின் ஆயுள் குறையலாம். ஆயிலை மாற்றும்போது வடிகால் திருகின் முனையிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். மை போன்ற மெல்லிய பொடி ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் அளவுக்கு உலோகச் சில்லுகள் இருந்தால் ஆயிலை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். கியர் பாக்ஸைத் திறந்து பார்த்தாக வேண்டும்.